மலை மீனும் பேலியகொடை மீனும்

கடற்கரையில் குடியிருக்கும் சனங்களை வான் வண்டியில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய், அங்கே மீன் பிடிக்க விடுவதுதான் என் தொழில். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். சில நாட்களில் எனக்கே வரும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், கடல் நிறைய மீன். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் நான் காசல்ரீக்கும் மவுசாகலைக்கும் ஆள் சேர்க்கிறேன். வாடிக்கையாளரை நம்பி வயிறு வளர்க்கும் எவருக்கும் நான் படும் பாடு விளங்கும். மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்துச் சந்தோஷப்படலாம்.

என்ன மீன் கிடைக்கும்?

தொலைபேசியில் வரும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வேன். காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களில் திலாப்பியா, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். இன்னும் மேலே, நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் ட்ரவுட். வெள்ளைக்காரன் தேயிலையோடு கொண்டுவந்து விட்டுப் போன மீன் அது. தேயிலை பரவிய மாதிரி அது பரவவில்லை. இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. கண்ணில் பட்டாலும் தூண்டிலில் படாது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். உண்மை பேசி வியாபாரம் செய்கிறவன் நிலைமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் ஹெவ்லொக் டவுனிலிருந்து ஓர் அம்மா பேசினார். பிள்ளைகளுக்கு விடுமுறையாம், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். "விளைமீன் இல்லையோ?" என்று கேட்டார். அது கடல் மீன் என்றேன். "பாரை?" அதுவும் கடல் என்றேன். "அப்ப என்னதான் தம்பி அங்க இருக்கு?" திலாப்பியா இருக்கிறது, எங்கள் ஆட்கள் ஜப்பான் மீன் என்று சொல்வார்களே, அதுதான் என்றேன். அம்மா மிகவும் அன்பாகச் சொன்னார்: "ஜப்பான் மீனை எங்கட வீட்டுப் பூனையே திரும்பிப் பாராது தம்பி, அதுக்கு ஏன் நாங்கள் வான் பிடிச்சு ஹட்டனுக்குப் போகோணும்?"

நுவரெலியாவுக்குக் கடல் வந்த நாள்

அப்படிப்பட்ட தொழிலில் எனக்கு நிரந்தரமாகக் கிடைத்தவர் கொட்டாஞ்சேனை பெனடிக்ட் அங்கிள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் முடித்தது ஹெந்தளையில், கடல் தொழில் செய்யும் குடும்பத்தில். மனைவி ஸ்டெல்லா அன்ரிக்கு மூன்று அண்ணன்மார், மூவருக்கும் படகு உண்டு. மாப்பிள்ளையான புதிதில் மச்சான்மாரோடு கடலுக்குப் போய், வாந்தி எடுத்து, படகையே திருப்ப வைத்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்து பிறந்த நாளில், ஹெந்தளை வீட்டில் மீன் பரிமாறும்போது அந்தக் கதையையும் சேர்த்துப் பரிமாறுவார்கள். படகு ஆடாத ஓர் இடத்தில் நின்று, தன் கையால் ஒரு மீன் பிடித்து, அந்த மேசையில் வைத்துவிட வேண்டும். அதுவும் ட்ரவுட்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் மச்சான்மார் அதைக் கண்டதே இல்லை. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ட்ரவுட்டைப் பற்றிக் கையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம் எல்லாம் வாசித்திருந்தார். அது ட்ரவுட்டுக்குத்தான் தெரியவில்லை.

முதல் பயணத்தில் நுவரெலியாவிலிருந்து வெறுங்கையோடு கண்டி வீதியால் இறங்கி வந்தோம். பேலியகொடை மீன் சந்தையடிக்கு வந்ததும், "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா நிப்பாட்டுங்க" என்றார். திரும்பி வந்தபோது கையில் வெள்ளை வெளேரென்று ஒரு மீன். ஐஸைத் தட்டிவிட்டு, நுவரெலியாப் புல்லில் கொஞ்சத்தை அதில் ஒட்டினார். புல்லை அவர் மலையிலிருந்தே சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். வீட்டு வாசலில் ஸ்டெல்லா அன்ரி மீனை வாங்கிச் செவுளை விரித்துப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். "பாரைக்குட்டி நல்லாத்தான் இருக்கு. நுவரெலியாவுக்குக் கடல் எப்ப வந்திச்சு?"

வெள்ளிக்கிழமைத் தூண்டில்

அதன்பிறகு அங்கிள் பேலியகொடையில் வானை நிறுத்தச் சொன்னதே இல்லை. வெறுங்கையென்றால் வெறுங்கைதான். ஆனால் வருவதை நிறுத்தவும் இல்லை. முதலில் சாதாரண மீன்களில் கை பழகட்டும் என்று அவரை மவுசாகலைக்கு அழைத்துப் போனேன். அன்று வானில் கூட வந்தவர் வெள்ளவத்தைச் சிவநேசன், ஓய்வுபெற்ற கணக்காளர். பாதி வழியில்தான் அவருக்கு அன்று வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை அவர் மரக்கறி. மீன் மச்சத்தைத் தொடுவதா, விடுவதா என்று கினிகத்தேனை வரைக்கும் யோசித்தார். முடிவில் தூண்டில் போடுவது, ஆனால் இரை கொழுவுவதில்லை என்று தீர்மானித்தார்.

ஒரு பாறையில் அங்கிள். மண்புழு, கோதுமைப் பாண் உருண்டை, புத்தகத்தில் சொன்ன எல்லா வித்தையும் அவரிடம். பக்கத்துப் பாறையில் சிவநேசன், வெறும் கொக்கியோடு, வாயில் தேவாரம். மத்தியானம் போல் சிவநேசனின் தடி வளைந்தது. இழுத்துப் பார்த்தால் கொழுத்த திலாப்பியா ஒன்று, வயிற்றோரத்தில் கொக்கி கொழுவி வந்திருக்கிறது. அங்கிள் தன் தூண்டிலை மெதுவாகச் சுற்றி வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசன் ஹட்டன் வரும்வரை வழி முழுக்க என்னிடம் நியாயம் சொல்லிக்கொண்டு வந்தார்: "இதை நான் பிடிக்கேல்லை தம்பி, அது தானாத்தான் வந்தது, பிள்ளையாருக்கு விளங்கும்."

தண்ணீர் மட்டும்

இன்னொரு முறை காசல்ரீ. மழைக்குப் பிறகு நீர்த்தேக்கம் கரை முட்ட நிறைந்திருந்தது. மூடுபனியில் எதிர்க்கரைத் தேயிலையும் தெரியவில்லை. அங்கிள் காலையிலிருந்து அசையாமல் நின்றார். அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். அந்தப் பக்கமாக வந்த காவலாளி பெர்மிட்டை வாங்கிப் பார்த்து, அங்கிளின் காலி வாளியையும் எட்டிப் பார்த்தான். பரிதாபப்பட்டானோ, பொழுது போகவில்லையோ தெரியாது. பெர்மிட்டைத் திருப்பித் தந்துகொண்டே, மீன் இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்று சிங்களத்தில் எனக்கு அறிவித்தான்: "மாளு நே மாத்தயா, வதுர விதரய்."

மாடிப்படி ஏறி வந்தவர்

அந்த நத்தார் கழிந்து கொஞ்ச நாளில் ஸ்டெல்லா அன்ரி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி என் அலுவலகத்துக்கு வந்தார். முழங்கால் வலிக்காரி. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். அங்கிளுக்கு இருதயம் பலவீனம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். இந்த ஒரு முறை வேண்டுமானால் மெதுவாகப் போய் வரலாம், அதன்பிறகு மலையும் குளிரும் அறவே கூடாதாம்.

"நத்தாருக்கு அண்ணன் அவர்ட சாப்பாட்டுக் கோப்பையில மீன் தலையைப் போட்டு, 'மலை மீனவருக்கு' எண்டு சொன்னாரு. வருஷா வருஷம் சொல்றதுதான். எல்லாரும் சிரிச்சோம். இந்த முறை அவர் சிரிக்கல்ல. சாப்பிடவும் இல்ல. அந்தப் பாரைக்குட்டிக்கு நான்தானே தம்பி முதல்ல சிரிச்சேன்" என்று அன்ரி சொன்னபோது நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிய அன்ரி, படியில் கால் வைத்தபடி சொன்னார்: "எப்படியாவது ஒரு ட்ரவுட் அவர்ட கையில வரோணும், எப்படி வந்திச்சு எண்டு நான் கேக்கவே மாட்டன்."

தேய்ந்த வால்

எப்படி வரும்? ஒரே ஒரு வழிதான் இருந்தது. நுவரெலியாவுக்குக் கிட்ட ஒருவர் சீமெந்துத் தொட்டிகளில் ட்ரவுட் வளர்த்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார். அவரிடம் உயிரோடு ஒன்று வாங்கி, தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையில் போட்டு, வானில் சாக்கின் கீழ் ஒளித்து வைத்தேன். நல்ல காரியமா கெட்ட காரியமா என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் அந்த மனிதர் மூச்சு வாங்க வாங்க ஓடைக்கு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

தூண்டிலைப் போட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். "அங்கிள், தடி என்னட்டை இருக்கட்டும், வானுக்குள்ள பிளேன்ரீ இருக்கு, குடிச்சிட்டு வாங்கோ" என்று அனுப்பினேன். அந்த இடைவெளியில், பாறைக்குப் பின்னால் முன்பே கொண்டுவந்து ஒளித்திருந்த பையிலிருந்து மீனை எடுத்து, கொக்கியில் கொழுவி ஓடையில் விட்டேன். அவர் திரும்பி வந்து தடியைக் கையில் எடுத்ததும் அது துடித்தது. அங்கிள் புத்தகத்தில் படித்தபடியே, அவசரப்படாமல், விட்டு விட்டு இழுத்தார். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினார். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் கண்டேன். இத்தனை வருடமும் இந்தத் தொழிலில் நான் பட்ட கஷ்டத்துக்கு அந்த ஒரு முகம் போதும்.

பிறகு அவர் மீனைத் திருப்பி வாலைப் பார்த்தார். ஓடை மீனுக்கு வாலின் ஓரம் கூராக இருக்கும். தொட்டியில் வளர்ந்ததற்கு உரசி உரசி மழுங்கிப் போயிருக்கும். எனக்கு அது தெரியாது. அத்தனை புத்தகம் வாசித்தவருக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, கையை விரித்து விட்டுவிட்டார். அது ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம், ஓடுற தண்ணியை இண்டைக்குத்தான் பாக்குது தம்பி, ஸ்டெல்லாகிட்ட பிடிச்சிட்டு விட்டுட்டேன் எண்டே சொல்லுவோம், அவ முழங்கால் வலியோட உங்க படியெல்லாம் ஏறி வந்திருப்பா."

எவ்வளவு பெரிசு?

மாசி மாதக் கடைசியில் அங்கிள் போய்விட்டார். மலையில் அல்ல, வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில். செத்த வீட்டுக்குப் போனபோது ஒழுங்கை முழுக்க ஹெந்தளைச் சனம். ஸ்டெல்லா அன்ரி வருகிற ஒவ்வொருவருக்கும், அவர் கடைசியாக ஒரு ட்ரவுட் பிடித்ததையும், மனம் கேட்காமல் விட்டுவிட்டு வந்ததையும் சொல்லி அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கேளுங்க, இந்தத் தம்பி பக்கத்துல நிண்டவர்" என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தார். நான் தலையை ஆட்டினேன். அன்ரி சொன்னபடி, எப்படி வந்தது என்று என்னிடம் கேட்கவே இல்லை.

வெளியே பந்தலின் கீழ் பெரிய மச்சான் அந்தோனி என்னிடம் வந்தார். மீன் தலை பரிமாறியவர். கயிறு இழுத்துக் காய்த்த கை, சிவந்த கண். "மல்லி, மச்சான் பிடிச்ச மீன் எவ்வளவு பெரிசு?" என்று, தம்பிக்குப் பதில் சிங்கள மல்லி போட்டுக் கேட்டார். அது ஓடையில் பிடிபட்ட மீன் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவர் உள்ளே பெட்டியில் கிடந்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கி, ஒரு சாண் அளவு காட்டினேன். அந்தோனி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்து, மெல்ல, இன்னும் அகலமாக, இன்னும் அகலமாக விலக்கி வைத்தார். "சின்ன மீனுக்கு மச்சான் இவ்வளவு காலம் மலை ஏறியிருக்க மாட்டாரு மல்லி, இவ்வளவு இருந்திருக்கும்."

இப்போதும் தொலைபேசியில் அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், திலாப்பியா, கெண்டை, விரால் என்று வழக்கம்போல உண்மையைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன், ட்ரவுட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொட்டாஞ்சேனையில் ஒருவர் பிடித்தவர் என்று சொல்லி, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது என்று தெரிந்தும், இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுகிறேன்.