பதினேழாம் ரூமின் மேற்குக் கதவு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் சிவகாசியில் கட்டட இன்ஜினியராக இருந்தேன். பட்டாசு ஆலைகளின் அறைகளைப் பார்த்து, பாதுகாப்பாக இருக்கின்றன என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் பக்கம் அவற்றை ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்பார்கள். சீசன் நெருங்கினால் ஒரே நாளில் மூன்று ஆபீஸ்கள்கூடப் பார்ப்பேன்.

அது ஆடி மாதம். கண்ணைத் திறக்க முடியாத புழுதிக் காற்று. ஒரு ஆபீஸில் போர்மேன் என்னை ஒவ்வொரு ரூமாக அழைத்துப் போனார். பதினேழாவது ரூமில் மூன்று பெண்கள் குழாய்களில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி ரூமுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கதவு இருக்கவேண்டும், இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். மேற்குக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. வெளியே கதவோடு ஒட்டி அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

“இருக்கன்குடி கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் லீவு போட்டுருவாக சார். அதுக்குள்ள லோடு அனுப்பணும். நாளைக்கே எடுத்துருதோம்” என்றார் போர்மேன்.

‘கதவுகள் தடையின்றித் திறக்கின்றன’ என்ற வரிக்கு நேராகப் பதினாறு ரூம்களுக்கும் டிக் அடித்திருந்தேன். பதினேழுக்கும் அடித்தேன். யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. கை தானாக அடித்தது என்றுதான் சொல்லமுடியும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு முற்பகலில் அந்த ரூம் வெடித்தது. கிழக்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். மேற்குப் பக்கம் இருந்தவர் வரவில்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசையில் வரைபடத்தை விரித்து, “கதவுகள் இப்படித்தானே இருந்தன?” என்று கேட்டார்.

“பிளான்படி இருந்தது சார்.”

அது பொய்யில்லை. கதவு பிளானில் காட்டிய இடத்தில்தான் இருந்தது. அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். மருந்தை அழுத்தி அடைத்ததால் விபத்து என்று முடிவானது. நான் வீட்டுக்குப் போய் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஒரு வீட்டு மனையை அளக்க ஆனைக்குட்டம் போயிருந்தேன். தெருவில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு கும்பிட்டாள். வலது கையில் கட்டு. உயிர் தப்பிய இருவரில் ஒருத்தி.

“கை எப்படிம்மா இருக்கு?”

“பரவால்ல சார். மடக்கத்தான் முடியல.” கட்டைச் சரிசெய்தபடி, “அந்தக் கதவு ரொம்ப நாளாவே தொறக்காது சார். அன்னைக்கு நீங்க தள்ளிப் பாத்தீகள்ல, நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். சார் எழுதிட்டுப் போறாக, இனிமே சரி பண்ணிருவாகன்னு அந்த அக்கா சொன்னாக” என்றாள்.

அந்த அக்காதான் இறந்தவர்.

“இத விசாரணைல ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல சார். மருந்த எப்படி அடைச்சீகன்னுதான் கேட்டாக.”

குரலில் குற்றச்சாட்டே இல்லை. காபி குடிக்கிறீகளா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்து குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேற்குக் கதவு திறக்காததைப் பார்த்தேன், திறக்கிறது என்று எழுதினேன், இவ்வளவுதான் அதில் இருந்தது. மனைவி வாங்கிப் படித்தாள்.

“லைசென்ஸ் போயிருமா?”

“போகலாம்.”

அவள் தாளை மடித்து, உறைக்குள் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

மறுபடி கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். பெட்டிகளை எடுக்கச் சொல்லி இன்ஜினியர் எழுத்தில் கொடுக்கவில்லை என்றார் போர்மேன். அதுவும் உண்மைதான். அறிக்கையில் ‘ஒரு வழி அடைபட்டிருந்தது’ என்ற வரியைச் சேர்த்தார்கள். சான்று கொடுக்கும் உரிமையை எனக்கு ரத்து செய்தார்கள். அந்த ஆபீஸ் பொங்கல் கழிந்து திறந்தது. கடிதம் போட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். லேசாகவும் இல்லை, கனக்கவும் இல்லை.

சிவகாசியில் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. விருதுநகருக்குக் குடிவந்து, வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறந்தவரின் கணவரைப் பார்த்தேன். விசாரணை நடந்த நாளில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். என்னை அவருக்குத் தெரியவில்லை. கையில் ஒரு பையோடு பக்கத்தில் வந்து, “சார், இது சாத்தூர் போகுமா?” என்று கேட்டார்.

“போகும்” என்றேன்.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். யார் என்று சொல்லவேண்டும் என நினைத்தேன். பஸ் கிளம்பும்வரை நினைத்துக்கொண்டே நின்றேன்.