ஒரு காலடி முன்னே

மொன்றியலின் பீ-நெஃப் வீதியில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பேருந்து இரண்டு முறை என்னைக் கடந்து போனது. ஏறவில்லை. சட்டைப் பையில் வாத்தியத்தின் மவுத்பீஸ், வாய் வைத்து ஊதும் பகுதி, மட்டும் இருந்தது, முட்டைக் கோப்பை அளவில் ஒரு பித்தளைத் துண்டு. அது என் காசில் வாங்கியது. வாத்தியம் குழுவுக்குச் சொந்தம். செயின்ட்-மிஷேலில், ஹொக்கி அரங்கின் வாகனத் தரிப்பிடத்தில், அதை அதன் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எங்களுடையது டிரம்மும், பித்தளை ஊதுகுழலான பியூகிளும் மட்டும் உள்ள அணிவகுப்புக் குழு. புல்லாங்குழல் கிடையாது, கிளாரினெட் கிடையாது. நடந்துகொண்டே ஊதுவோம், நடந்துகொண்டே அடிப்பார்கள். நான் தூக்கியது கொன்ட்ராபேஸ், பியூகிள்களில் ஆகப் பெரியது. இடது தோளில் ஏற்றிக்கொண்டு ஊத வேண்டும். இரண்டு பேர்தான் அதைத் தூக்கினோம். மற்றவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஒரு கியூபெக் பெண்மணி. ஆறு வருடங்களாக அவருடைய வலது முழங்கை என் இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளியே இருந்தது.

திருகோணமலையில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அங்கே கற்றதில் மிஞ்சியது பள்ளிக்கூட பாண்டில் பியூகிள் ஊதியதுதான். பிறகு கொழும்பு, பாங்கொக், ஜெர்மனியில் ஓர் அகதி முகாம், பாரிசில் கோப்பை கழுவும் வேலை, கடைசியில் மொன்றியல். அதுவரை எந்த இடத்திலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இந்தக் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். என்ன படித்தாய், விசா என்ன, என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இடது காலை எப்போது வைக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். சனியும் ஞாயிறும் ஒத்திகை. அந்த இரண்டு நாளையும் கேட்ட வேலை எதையும் நான் எடுக்கவில்லை.

ஆறாவது வருடக் குளிர்காலத்தில்தான் கீபோர்ட் கதை தொடங்கியது. அமெரிக்காவில் போட்டி நடத்துகிறவர்கள் மின் வாத்தியங்களை அனுமதித்துவிட்டார்கள் என்று எங்கள் இயக்குநர் வந்து சொன்னார். ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனிதர். "அடிச்சுருதி, அந்தக் கனத்த சத்தம், எங்களிடம் இல்லை. இரண்டு கொன்ட்ராபேஸ் எந்த மூலைக்கு? ஒரு கீபோர்ட், இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் தரை அதிரும்" என்றார். அதாவது நாங்கள் இருவரும் தேவையில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே ஒரு மாற்றத்தால் உள்ளே வந்தவன். ஆறு வருடங்களுக்கு முன் குழு பழைய சுருதிப் பியூகிள்களை விட்டு வேறு சுருதி வாத்தியங்களுக்கு மாறியது. அது பியூகிளே இல்லை என்று சில கிழவர்கள் எழுந்து போனார்கள். அதில் ஒருவருடைய இடம்தான் எனக்குக் கிடைத்தது. அவர் பெட்டியைப் பூட்டிவிட்டுக் கை கொடுக்காமல் போனதைப் பார்த்து, ஒரு சுருதிக்காக இவ்வளவா என்று சிரித்தேன். என் முதல் நாள் அது.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு இருந்தது. சுருதி மாறினாலும் ஊத மூச்சு வேண்டும், தூக்கத் தோள் வேண்டும். கீபோர்டுக்கு நடக்கத் தெரியாது. மைதானத்தின் ஓரத்தில் மேசைமேல் இருந்துகொண்டு, நடக்கிறவனின் சத்தத்தை அது போடும். அதை எந்த வரிசையில் நிறுத்துவது? இதைப் பிரெஞ்சில் சொல்ல வசனங்களைத் தேடிக்கொண்டே குளிர்காலம் போய்விட்டது.

பக்கத்தில் கொன்ட்ராபேஸ் தூக்கும் பெண்மணி எனக்காகவும் சேர்த்துப் பேசினார். ஆட்களையும் எண்ணிவைத்திருந்தார். "பதினொரு பேர் அவர் பக்கம். உன்னோடு நாங்கள் பன்னிரண்டு. நீ நிற்பாய்தானே?" என்று ஒவ்வொரு சனியும் கேட்டார். "ஓம்" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே ஆமாம் சொல்வேன். அந்தச் சொல் அவருக்குப் பழகியிருந்தது.

வாத்தியத்தை விட்டுவந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வாக்கெடுப்பு. கையில் வாத்தியம் இருப்பதால் எங்கள் குழுவில் கை உயர்த்தும் வழக்கம் இல்லை. வரிசையில் நிற்போம். சம்மதம் என்றால் ஓர் அடி முன்னே வர வேண்டும், மறுப்பு என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்கெனவே ஒரு வண்டியில் வந்து இறங்கியிருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போன அந்தக் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். இயக்குநர் ஏதோ சொன்னார். தலைமை டிரம்காரன் விளையாட்டாகவோ பழக்கத்தாலோ டிரம்மின் விளிம்பில், நடை தொடங்கும்போது தட்டும் அந்த நான்கு தட்டைத் தட்டினான்.

ஆறு வருடமாக அந்த நான்கு தட்டுக்குப் பின் என் இடது கால் நின்றதில்லை. அன்றும் நிற்கவில்லை.

முன்னே நின்றபோதுதான் பக்கத்தில் முழங்கை இல்லை என்று தெரிந்தது. காலைப் பின்னால் எடுத்திருக்கலாம். ஆனால் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான்: தவறான அடி வைத்தால் அதிலேயே நில், திருத்தப் போகாதே, திருத்துகிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நின்றேன். நேரே பார்த்துக்கொண்டு, தோளில் பாரத்தோடு நின்றேன். வாயைத் திறந்து தவறு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் எனக்குப் பிரெஞ்சில் தெரியும்.

இயக்குநர் எண்ணினார். பன்னிரண்டு, பதினொன்று. "மெர்சி" என்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு என்னிடம் வந்து தோளில் தட்டினார். "உன் மனது பெரியது. நீ பலசாலி. ஸ்பீக்கர் வண்டியைத் தள்ள ஓர் ஆள் வேண்டும், நீ செய்கிறாயா?"

பெண்மணி தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வண்டி தள்ளும் வேலை தருவதாக உனக்கு முன்பே சொல்லிவிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை. கால்..." என்றேன்.

"கால்!" என்றார். துணியை உதறிவிட்டு வாத்தியத்தை மறுபடி துடைத்தார். அந்தக் கிழவரைப்போல நானும் கை கொடுக்காமல்தான் வந்தேன்.

பீ-நெஃப் முடியும் துறைமுகப் பக்கத்தில் ஒரு சரக்கு வெயர்ஹவுசில் என் அறைத்தோழர் வேலை செய்தார், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வேலை முடிந்து வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடா இஞ்சை? குழாய் எங்கை?"

"விட்டிட்டன் அண்ணை."

"நீ விட்டனியோ, அவங்கள் விட்டவங்களோ?"

"மிசின் ஒண்டு வருகுது. ஊதத் தேவையில்லை. அமத்தினாச் சத்தம் வரும்."

"அப்ப நல்லதுதானே. உனக்கும் மூச்சு மிச்சம், எனக்கும் வீட்டிலை நித்திரை மிச்சம்."

"நான்தான் அண்ணை காலை வைச்சனான். தெரியாமல் வைச்சிட்டன்." நடந்ததைச் சொன்னேன்.

அவர் புகையை விட்டார். "திருப்பி எடுக்கிறதுதானே, விசரா?"

"வரிசையிலை நிண்டா எடுக்கக் கூடாது அண்ணை."

"அது எந்த ஊர்ச் சட்டமடாப்பா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லை. மூண்டு மாசமாச் சொல்லுறன், நீதான் ஒத்திகை ஒத்திகையெண்டு நிண்டனி. காலமை ஏழு மணிக்கு நிக்கோணும். வாறியோ?"

"வாறன்."

மறுநாள் ஏழு மணிக்கு ஒரு கொன்டெய்னரின் வாசலில் நின்றேன். உள்ளே கூரைவரை அட்டைப் பெட்டிகள். மேற்பார்வையாளர் கையுறை தந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மற்றவர்கள் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்கள். நான் முதல் பெட்டியை இடது தோளில் ஏற்றினேன். கொன்ட்ராபேஸைவிடப் பாரம் குறைவு.