மஞ்சள் பூசிய எட்டுக் கம்பங்கள்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும், பிறகு ஆங்கிலப் பள்ளியில் கொஞ்ச காலமும் படித்தவன் நான். ஆணி, சங்கிலி, போல்ட் என்று சாமான்களின் பெயர் எழுதிப் பழகிய கை இது. நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசியவனும் அல்ல. குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பினாங்கில் ஒரு விளையாட்டு வேர் பிடிக்கப் பார்த்த கதை இது. அப்போது அங்கே இருந்தவர்களில் வேறு யாரும் எழுதக் காணோம். அதனால்தான் துணிந்தேன்.

பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் கடலோரமாக ஓர் இரும்புப் பட்டறை. ஈயம் அள்ளும் இயந்திரங்களுக்கு வேண்டிய பாகங்களை அங்கே வார்த்தார்கள். நான் அதில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. கிராணி என்றவுடன் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாவிக்கொத்தும் ஒரு ஸ்டூலும்தான் என் ராஜ்யம்.

எங்களுக்கு மேலே இருந்த இஞ்சினியர் துரை ஆஸ்திரேலியாக்காரர். அவர் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். எங்களோடு பாசார் மலாயில், கடைத்தெருவில் பேசும் கொச்சை மலாயில், பேசுவார். ஆத்திரம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். மற்ற வெள்ளைக்காரர்கள் கிளப்பில் கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆட, இவர் சாயங்காலங்களில் பட்டறைக்குப் பின்னால் இருந்த புல்தரையில் தனியாக ஒரு பந்தை உதைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பந்து உருண்டையாக இராது. நல்ல பப்பாளிப்பழம் போல நீண்டிருக்கும்.

ஒருநாள் மண்டோரண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பட்டறை ஆட்களுக்கெல்லாம் தலைவர் அவர். கால்பந்தில் ஜெலுத்தோங் பக்கம் அவருக்கு நல்ல பெயர் உண்டு. ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து அவருக்குப் பின்னால் போய் விழுந்தது.

"என்னடா இது, கிழக்க உதைச்சா மேக்க போகுது? எம் பொண்டாட்டி தேவலாம்லா!"

துரைக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். அன்றைக்கே ஆட்டம் தொடங்கிவிட்டது.

அது அவர் ஊர் விளையாட்டு. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம். ஆனால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கால்பந்து ஆடிப் பழகியவர்கள், உயரே வரும் பந்தைக் கையால் பிடிக்காமல் தலையால் முட்டிவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"கையில புடிக்கலாம்னா அப்புறம் கால் எதுக்குண்ணே?"

"ஓடுறதுக்குடா. புடிச்சதும் ஓடு, இல்லாட்டி அந்தத் தொர மேல வந்து விழுந்துருவாரு!"

நான் ஆடவில்லை. கதவோரம் நின்று பார்ப்பேன். துரை அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, குச்சியில் கட்டிய இரண்டு வெள்ளைக் கொடிகளைக் கையில் கொடுத்தார். இந்த ஆட்டத்தில் இரு முனையிலும் நாலு கம்பங்கள் உண்டு. நடுவில் இரண்டு உயரம், ஓரங்களில் இரண்டு குட்டை. நடுவே பந்து போனால் ஆறு புள்ளி. இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும். தவறி ஓரத்தில் போனால் ஒரு புள்ளி, ஒரு கொடி. "நீ வாய் திறக்கவே வேண்டாம்" என்று மலாயில் சொன்னார். வாய் திறக்க வேண்டாத ஒரு வேலையை எனக்கென்று ஒருவர் தேடிக் கொடுத்தது என் வாழ்நாளில் அது ஒரு தடவைதான்.

தவறினாலும் ஒரு புள்ளி என்பது மண்டோரண்ணனுக்கு ஆகவில்லை.

"கிராணி தம்பி, அதான் வெளிய போயிருச்சே, எதுக்குக் கொடியக் காட்டுற?"

"தவறினாலும் ஒண்ணு உண்டுண்ணே."

"தவறினதுக்குமா? அடடா, அந்த ஊர்லயே பொறந்திருக்கலாம்லா!"

துரையின் ஆசை பெரியது. ஒரு மத்தியானம் பட்டறை மேசையில் நாலு நட்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். இது பினாங்கு, இது ஈப்போ, இது கோலாலம்பூர், கடைசி நட்டு சிங்கப்பூர். எல்லா இடத்திலும் ஈயத் தொழிலிலும் கப்பல் வேலையிலும் அவர் நாட்டார் இருந்தார்கள். பினாங்கில் ஒழுங்கான மைதானம் ஒன்று கிடைத்து ஆட்டம் ஊன்றிவிட்டால் மற்ற ஊர்கள் தானாகப் பின்னால் வரும் என்றார். எங்கள் புல்தரை அதற்குப் போதாது. இந்த ஆட்டத்துக்கு முட்டை வடிவில் பெரிய இடம் வேண்டும். அப்படி இருந்தது கிரிக்கெட் மைதானம் ஒன்றுதான்.

அவர் எத்தனை தடவை அந்த மைதானத்துக் காரியதரிசியைப் பார்க்க நடந்தாரோ தெரியாது. கடைசியில் சீனப் பெருநாளின், அதாவது சீனர்களின் புத்தாண்டின், முதல் நாள் மட்டும் தருவதாகச் சம்மதித்தார்கள். அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தால் வாராவாரம் ஒருநாள் தருவதாகப் பேச்சு. அந்தச் சமயம் துறைமுகத்தில் ஓர் ஆஸ்திரேலியக் கப்பலும் நின்றது. கப்பல்காரர்கள் ஒரு பக்கம். எங்கள் ஆட்களோடு தீவுக்கு எதிரே அக்கரையிலிருந்து படகில் வந்த சில வெள்ளைக்காரர்களும் சேர்ந்து இன்னொரு பக்கம்.

பெருநாள் அன்று விடியற்காலையில் எட்டுப் பாக்குமரக் கம்பங்களை வண்டியில் ஏற்றிப் போனோம். ஊரெங்கும் பட்டாசுச் சத்தம். முதல் குழி தோண்டியானதும் மண்டோரண்ணன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலை கட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு நட்டார். வீட்டில் கல்யாணம் என்றால் பந்தக்கால் நடுவது போலத்தான். ஒரு புதுக் காரியம், நன்றாக நிலைக்கட்டும் என்ற நினைப்பு.

எங்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும் முஸ்லிம் பெரியவரை நானா என்போம். அவர் சோற்றுப் பானைகள் தொங்கிய காவடிக் கம்பை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். "யாருக்கப்பா கல்யாணம், பந்துக்கா?" என்றார்.

துரைக்கு அந்த மஞ்சளும் பச்சையும் மிகவும் பிடித்துவிட்டது. ஜோடனை என்று நினைத்துக்கொண்டார். மற்ற ஏழு கம்பங்களுக்கும் அப்படியே செய்யச் சொன்னார். ஒரு காலுக்குத்தான் செய்வது வழக்கம் என்று மண்டோரண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு, "தொர ஆசைப்படுறாரு, செஞ்சிருவோம்" என்று ஆளனுப்பி மாவிலையும் மஞ்சளும் இன்னும் வரவழைத்தார். எட்டுக்கும் கும்பிடு நடந்தது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. கொடி ஆட்டுபவன் வெள்ளைக் கோட்டுப் போட வேண்டுமாம்; நான் ஒரு முனையில், ஆஸ்பத்திரி டிரெஸர் ஒருவரிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டோடு நின்றேன். சட்டைக் கை என் விரலை மூடியது. கப்பல்காரர்கள் நன்றாக ஆடினார்கள். நாங்கள் நன்றாகத் தோற்றோம். ஆனால் மண்டோரண்ணன் உதைத்த ஒரு பந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கும் நடுவே சுழன்று வந்து என் தலைக்கு மேல் போனது. இரண்டு கொடியையும் ஆட்டினேன். வேலியோரம் நின்ற சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் கத்தினார்கள். அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குக் கூச்சம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் காரியதரிசியே வந்து துரையின் கையைக் குலுக்கினார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் அங்கே கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் கம்பங்களை எடுத்துக் குழியை மூடினால்தான் அவர்கள் ரோலர் இழுத்துத் தரையைச் சரிசெய்ய முடியும். அந்த நிபந்தனையின் பேரில்தான் மைதானத்தைக் கொடுத்திருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

துரை மண்டோரண்ணனிடம் வந்து, "சாபுட்" என்றார். மலாயில், பிடுங்கு.

மண்டோரண்ணன் நகரவில்லை. ஆட்களும் நகரவில்லை.

"நட்ட கால அன்னைக்கே புடுங்குறதா? எந்த ஊர்ல உண்டு? ஒண்ணுன்னா ஓரமா நிக்கட்டும்னு விட்டுட்டு மத்தத எடுக்கலாம். எட்டுக்குமில்ல கட்டச் சொன்னாரு!"

களைத்துப்போனார்கள் என்று துரை நினைத்தார். நாளைக்கும் லீவு தருவதாகச் சொன்னார். யாரும் அசையவில்லை. காரியதரிசி சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, இன்றைக்குக் கம்பங்களை எடுக்காவிட்டால் இனி இந்த மைதானத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது.

காரியதரிசி சொன்னதை நான் தமிழில் மண்டோரண்ணனிடம் மெல்லச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அவரு நல்லதுக்குத்தான் தம்பி நட்டேன். நீயே சொல்லேன் அவர்கிட்ட" என்றார்.

நானா குறுக்கே வந்தார். "எனக்கு உங்க பந்தக்கால் கணக்கு ஒண்ணும் கிடையாது. எங்க ஆளுங்க நாலு பேரக் கூட்டியாரேன், ஒரு நிமிஷத்துல புடுங்கிரலாம். என்ன சொல்றீங்க?" அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உதவத்தான் வந்தார்.

அந்தப் பெரிய கோட்டோடு நான் துரைக்கு முன்னால் போய் நின்றேன். பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னேன். இது ஜோடனை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு காரியம் நிலைக்க வேண்டும் என்றால் இப்படித்தான் கால் நடுவோம். நட்ட அன்றே பிடுங்கினால் அந்தக் காரியம் நிலைக்காது என்பார்கள். வேறு ஆட்களைக் கொண்டு பிடுங்கலாம், நானா அழைத்து வருவார். அதையும் சொன்னேன்.

"எந்தக் காரியம் நிலைக்க?" என்று கேட்டார்.

"உங்கள் ஆட்டம், துரை."

அவர் பக்கத்தில் இருந்த கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது; பாக்குமரம்தானே, அவர் ஒருவரே பிடுங்கியிருக்கலாம். கையில் மஞ்சள் ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் காரியதரிசியிடம் போய், கம்பங்கள் இன்று ராத்திரி நிற்கும் என்று சொன்னார். எங்களிடம் திரும்பி, "பெசோக்" என்றார். நாளைக்கு.

அந்த மைதானம் பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்டம் போனதாக நான் கேள்விப்படவில்லை. துரை ஊருக்குத் திரும்பும் வரை ஜெலுத்தோங் புல்தரையில், இடம் போதாமல், ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினோம். அவர் எங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றி என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை. அவர் நாலு நட்டுகளை அடுக்கி வைத்த ஆசையைவிட மண்டோரண்ணனின் ஒரு சிட்டிகை மஞ்சளைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஓரத்தில் போன பந்துக்கும் ஒரு கொடி உண்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். கொடிகள் இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. துணி பழுப்பேறிவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் போய்க் கம்பங்களைப் பிடுங்கினோம். துரையும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். குழிகளில் மண்ணைப் போட்டு மிதித்தோம். ரோலர் வந்தது. பத்து மணிக்குக் கிரிக்கெட் ஆரம்பித்தது.