மழை நாளின் பன்னிரண்டு சுற்று

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கைக் கூட்டும் துப்புரவு ஊழியர் அவர். நரைத்த மீசை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். யாராவது ஓடி வந்தால் கூட்டுவதை நிறுத்தி, துடைப்பத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார்.

சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட, முப்பது நாள் தினமும் புளோக்கைச் சுற்றி ஓடுவதாக நான் இணையத்தில் அறிவித்திருந்தேன். முதல் வாரம் அவர் கேட்டார்.

“வேண்டுதலா சார்?”

விளக்கிச் சொல்லச் சோம்பலாக இருந்தது. “ஆமாங்க” என்றேன்.

“யாருக்கு?”

“உடம்பு முடியாதவங்களுக்கு.”

பதினேழாம் நாள் மழை. படுத்துத் தூங்கிவிட்டு, ஓடியதாக இணையத்தில் பதிந்தேன். பாராட்டுகள் வந்தன.

மறுநாள் அவர் நொண்டிக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

“நேத்து உங்களக் காணோம். வேண்டுதல் நடுவுல நிக்கக்கூடாது சார். மழ விட்டதும் நானே சுத்திட்டேன். பூட்ஸ் கடிச்சிருச்சு.”

“எத்தன சுத்து?”

“நீங்க தினம் ஓடுற பன்னெண்டுதான்.”

நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

அந்தப் பதிவை நான் நீக்கவில்லை. மாத முடிவில் வந்த சான்றிதழில் முப்பது நாள் என்று இருந்தது. முப்பதும் உண்மைதான். பதினேழாம் நாள் சுற்றியவரின் பெயர் அதில் இல்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.