விழுங்கிப்போன ‘கை’

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் பதினெட்டு வருடமாகத் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்த சுக்கைத் தொட்டுத் தொட்டு என் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் மூடும். வெயில் வந்ததும் மறுபடி திறந்துகொள்ளும்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவளின் உள்ளங்கையில் கோணி ஊசி ஏறிவிட்டது. வெறும் கையாலேயே அழுத்திப் பிடித்தேன். அவள் இரத்தம் என் வெடிப்புகளில் புகுந்து எரிந்தது. அந்த வாரம் சுள்ளிக்கலில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்த சுகாதாரப் பணிப்பெண் என் கையைப் பார்த்துவிட்டு ஏசினார். புண்ணான கையோடு அடுத்தவர் இரத்தத்தைத் தொடக்கூடாது, பையில் எப்போதும் இரண்டு ஜோடி கையுறை இருக்கட்டும் என்றார். கிடங்குச் சுவரிலும் முதலுதவிப் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு பழைய பஞ்சுருண்டையும் எதற்கோ உரிய சாவியும் மட்டும் கிடந்தன. எனக்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கிளவுஸ் என்ற வார்த்தை என் வாயில் ஒருபோதும் ஒழுங்காக வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தானே என்று, ‘கையுறை, கையுறை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். நாலு பேர் இருந்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். சொல்லின் முன்பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது இவ்வளவுதான்: “ஒரு பாக்கெட் உறை.”

நமக்கு உறை என்றால் தலையணை உறை, கடித உறை. இந்த ஊர் மருந்துக் கடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆண்கள் வாங்குவது. அது எனக்கும் தெரியும். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கடைப்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

எனக்குப் பின்னால் எங்கள் கிடங்கில் எடை போடுகிற ஆள் இருமல் மருந்துக்காக நின்றிருந்தார். மலையாளி. சினிமா பார்த்துக் கற்ற தமிழில் பேசுவதில் அவருக்குப் பெருமை. எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“அக்கா, மணம் உள்ளது வேணுமா, இல்லாதது போதுமா?”

மூன்று பேர் சிரித்தார்கள். கடைப்பெண்ணும் சிரித்தாள். என் கணவர் இறந்து அப்போது ஒன்பது வருடம். அது அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்து பந்தலில் நின்றவர்தான் அவர்.

எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எனக்கு முன்பே அந்தச் சொல் கிடங்குக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து நான் ‘உறையக்கா’. சாக்கைத் தராசில் ஏற்றும்போது ‘உறையக்கா பிரிச்ச சரக்கு’ என்று கூவுவார். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். யாருக்கு வாங்கப் போனாள் என்று பெண்களுக்குள்ளும் ஒரு பேச்சு ஓடியது. இத்தனை வருடம் தலை குனிந்து வந்து தலை குனிந்து போய் நான் காப்பாற்றிய பெயர் அது. ஒரே வாரத்தில் போயிற்று.

எனக்குச் சண்டை போட வராது. வாய் திறந்தால் அழுகைதான் வரும். அதனால் கோபத்தை எல்லாம் நான் வைக்க நினைத்த முதலுதவிப் பெட்டியில் வைத்தேன்.

தோப்பும்படியில் என்னைத் தெரியாத ஒரு கடைக்குப் போனேன். இந்த முறை வாய் திறக்கவில்லை. துண்டுக் காகிதத்தில் என் கையை வைத்து ஐந்து விரலையும் சுற்றி வரைந்து கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வகை எடுத்துக் காட்டினார். வெள்ளை, ரப்பர் பாலில் செய்தது. நீலம், நைட்ரில். வெள்ளையை வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். அரைமணியில் மணிக்கட்டு தடித்து அரித்தது. திரும்பப் போய் நீலம் வாங்கினேன். சின்ன அளவு பெருவிரல் இடுக்கில் கிழிந்தது. நடு அளவுதான் சரியாக உட்கார்ந்தது. உள்ளே மாவு தூவாததாகப் பார்த்து எடுத்தேன். மாவு என் வெடிப்புகளில் எரியும்.

பழைய எவர்சில்வர் டிபன் டப்பாதான் பெட்டி. முதலில் கத்தரிக்கோலோடு சேர்த்து வைத்ததில் ஒரு ஜோடியில் ஓட்டை விழுந்தது. பிறகு ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சுருட்டி, அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். திறந்ததும் கை முதலில் படவேண்டியது அதுதான். கிடங்குச் சூட்டில் ஒட்டிக்கொள்கிறதா என்று மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பேன்.

கழற்றுவதற்கும் பழகினேன். பீட்ரூட் சாற்றைக் கையுறைமேல் தடவிக்கொண்டு, மணிக்கட்டில் கிள்ளி இழுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருவி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, விரலில் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். மறைக்க என்ன இருக்கிறது? அந்தச் சிவப்பு என் மனதில் எடை போடுகிறவருடைய இரத்தம். தராசுச் சங்கிலியா, கொக்கியா, எந்தக் கை என்றெல்லாம் யோசித்திருக்கிறேன்.

ஓணம் முடிந்து சரக்கு நிறைய வந்த ஒரு பகலில் கொக்கிதான் வந்தது. சாக்கில் மாட்டிய கொக்கி வழுக்கி, அவருடைய வலது முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து துண்டால் அழுத்திக்கொண்டார். ஒருவன் ஆட்டோ கூப்பிட ஓடினான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் பையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

டப்பாவைத் திறந்து கையுறையை எடுத்தேன். பிரிக்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“என் கை புண்ணு. இது இல்லாம தொடமாட்டேன். இதுக்கு என்ன பேரு சேட்டா?”

“அக்கா, வேகம்.”

“பேரு சொல்லுங்க. நான் சொன்னா தப்பா வருது.”

வியர்த்துவிட்டது அவருக்கு. சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. “உறை,” என்றார்.

“எந்த உறை? மணம் உள்ளதா, இல்லாததா?”

பதினெட்டு வருடத்தில் அந்தக் கிடங்கில் என் குரல் அவ்வளவு தெளிவாக யாருக்கும் கேட்டதில்லை. துண்டு நனைந்து ஒரு சொட்டு சுக்கின்மேல் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கையுறை. கையுறை அக்கா.”

அதன் பிறகுதான் போட்டேன். ஒவ்வொரு விரலாக, சுருக்கம் இல்லாமல். துணி வைத்து அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்து, இறுக்கமாகக் கட்டினேன். கட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலும் நன்றாகக் கட்டியிருக்கிறது என்றார்களாம். கழற்றியபோது என் விரலில் ஒரு புள்ளி சிவப்பு இல்லை. சுருட்டிய கையுறையைப் பிளாஸ்டிக்கில் போட்டு முடிந்து, அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். கண்ட இடத்தில் போடக்கூடாது, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள் என்றேன். சொன்னது நிஜம்தான். அவர் அதைச் சுமந்துகொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டதும் நிஜம்.

அன்று மாலை, சாக்குத் தைக்கிறவள் என்னிடம், “பாவமல்லே அந்தச் சேட்டன்,” என்று இரக்கப்பட்டாள். அவள் கையைப் பிடிக்கப் போய்த்தான் எனக்கு இதெல்லாம் வந்தது. எனக்கு யாராவது பாவம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

ஏழு தையலோடு திரும்பி வந்த அவர் இப்போது வெறும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். அதுவும் மெதுவாக. கிடங்கில் அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. அதோடு எனக்கு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. வீட்டுக்குப் போனதும் புதிய ஜோடி ஒன்றைச் சுருட்டி மேலே வைத்தேன்.

மருந்துக் கடையில் சிரித்த அந்த மூன்று பேரும் இந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள். ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.