முன்சக்கரத்துப் பிரேக்கும் என் மனைவியின் காலும்

தேய்ந்த பிரேக்கின் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. நினைத்தால் இப்போதும் வாயில் நல்ல வார்த்தை வராது.

எங்களிடம் ஒரு பழைய மோட்டார் ஹோம் இருக்கிறது. வேனின் முதுகில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. ஊரில் சினிமா நடிகர்கள் உட்காரும் கேரவனைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எங்களுடையது அதற்கு ஏழைச் சித்தப்பா. நாடு திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கினோம். எனக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில், புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகளின் பம்புகளைப் பராமரிக்கும் வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்துவிட்டால் பதினோரு வயது மகளை ஏற்றிக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடுவோம். ஃபிளாட்டில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டியில்தான் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

போன குளிர்காலத்தில் மலைக்குப் போகத் திட்டமிட்டபோது, முன்சக்கரப் பிரேக் தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே மாற்றியிருப்பேன். அந்த வாரம் பார்த்து எண்ணெய் டெர்மினலில் எல்லாப் பம்பையும் நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் டியூட்டி. சரி என்று ஒரு கராஜில் விட்டேன். மறுநாள் போனபோது ஃபோர்மேன் சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துக் காட்டினான். பிரேக் பேடைப் பிடித்து அழுத்துகிற காலிப்பர் பளபளவென்று சிவப்பாக இருந்தது.

"பாய், நியூ பிரேக். நூறு பர்சன்ட். டென்ஷன் மாஃபி!"

டென்ஷனே வேண்டாம் என்கிறான். நம்பிவிட்டேன். பம்பைத் திறந்து பார்க்காமல் 'ஓகே' என்று எழுதிக் கொடுக்கிறவனை டெர்மினலில் கிழிகிழியென்று கிழிக்கிற ஆள் நான். அந்த நான், பெயின்டைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதி வழியில் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, கரிஞ்ச நாத்தம் வருது. நிறுத்துங்க."

"எவனாவது கறி சுட்டுட்டு இருப்பான். சும்மா இருட்டி."

"நான் சொல்லுதேன்லா? நிறுத்துங்க."

"புதுப் பிரேக்குட்டி. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரைக்கும் போனது. இன்னொரு மிதி. ஒன்றுமே இல்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக வண்டியை ஒடித்து ஜல்லிக் குவியலில் ஏற்றினேன். பின்னால் அலமாரிகள் திறந்து தட்டுகளும் அரிசியும் கொட்டின. மகள் "அம்மா" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மனைவி சீட்டிலிருந்து பாதி உடம்பைப் பின்னால் திருப்பி, ஒரு கையால் மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் வெறும் பள்ளம். வண்டி நின்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி, ரோட்டோரத்தில் தள்ளிப்போய் நின்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். "இனிமே என் பிள்ளை இந்த வண்டியில ஏறாது" என்று மட்டும் சொன்னாள். 'நம்ம பிள்ளை' என்றுதான் எப்போதும் சொல்வாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மணல் காலியிடத்தில் போட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால், சிவப்புப் பெயின்டுக்கு உள்ளே அதே பழைய பேடுகள். தேய்ந்து தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒரு பக்கம் காலிப்பர் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பிடித்த பிடியை விடாமல் இறுகியிருந்தது. அவள் முகர்ந்தது அந்த நாற்றத்தைத்தான். பிரேக் ஆயில் கறுப்பாக, பழைய டிகாஷன் நிறத்தில் இருந்தது. இறுகிய பேடின் சூட்டில் அது கொதித்துத்தான் பெடல் தரைக்குப் போயிருக்கிறது. ஒன்றைக்கூட மாற்றவில்லை, பாவி. பெயின்ட் அடிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். "என் பொண்டாட்டி பிள்ளையக் கொல்லப் பார்த்தியேடா" என்பதை எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் போட்டுச் சொன்னேன். "பாய், மலை ரோடு பிராப்ளம். பிரேக் பிராப்ளம் நஹீ. கலாஸ்" என்று வைத்துவிட்டான். கலாஸாம், கதை முடிந்ததாம்! போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

இனி ஒருவனையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். புதிய டிஸ்க், பேடு, காலிப்பர், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாம் வாங்கி வந்தேன். என் லீவு நாளில் விடிந்ததும் மணலில் சாக்கை விரித்துப் படுத்தேன். பிரேக் சரியானால் அவள் மனது மாறும், மகளை ஏற விடுவாள் என்பதுதான் எண்ணம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் ஃபோர்மேனின் கழுத்து என்று நினைத்துக்கொண்டு முறுக்கினேன். வேலை வேகமாகத்தான் நடந்தது. ஹோஸ் மட்டும் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றது. கடைக்காரன் தப்பான ஹோஸைக் கொடுத்துவிட்டான் என்று அவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கடைக்காரர் மலையாளி, நிதானமான ஆள்.

"சேட்டா, லெஃப்டும் ரைட்டும் மாறிப் போயோ என்னு நோக்கிக்கே."

"இருவது வருஷமா ஸ்பேனர் பிடிக்கேன். எனக்கு நீ லெஃப்ட் ரைட் சொல்லித் தாறியா?" என்று வைத்துவிட்டேன். நானும் அன்றைக்கு ஒரு கலாஸ் போட்டவன்தான்.

கடைசி வேலை ஏர் எடுப்பது. பிரேக்கைக் கழற்றி மாட்டினால் ஆயில் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் அமுங்குமே தவிர சக்கரம் நிற்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் உள்ள சின்ன நட்டைத் திறந்து காற்றையும் ஆயிலையும் வெளியே விட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நைட் டியூட்டி முடிந்து மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். கேட்டதும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"மிதி... பிடிச்சுக்கோ... ம், விடு. திரும்ப மிதி."

ஆயில் வந்தது. நட்டை மூடினேன். பெடல் தரைக்குப் போனது. திரும்பவும் செய்தோம். திரும்பவும் தரை. அந்தப் பக்கம் போய்ச் செய்தேன், அதே கதை. வெயில் ஏறியது. இரண்டு டப்பா ஆயில் மணலுக்குப் போனது. என் பொறுமையும் அதோடு போனது.

"முழுக் காலையும் வச்சு மிதிட்டி! ஊசி போடுத மாதிரி மெல்ல மெல்ல மிதிச்சா எப்படி?"

"நான் முழுசாத்தான் மிதிக்கேன்."

"எளவு, மிதிச்சா ஏன் இறங்குது? தூங்கிட்டியா மேல?"

மாடி பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளை, ஒரு பிரேக் பெடலை மிதிக்கத் தெரியாதவள் என்று ஊர் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கினாள். வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வெறுங்காலோடு மணலில் நடந்துவந்து என் பக்கத்தில் குத்தவைத்துச் சக்கரத்துக்குள் பார்த்தாள்.

"அந்த நட்டு ஏன் அடியில இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்."

"காத்து மேலதானே ஏறும்? ஊசியில மருந்து எடுத்தா நாங்க மேல பாத்துப் பிடிச்சுத்தான் தட்டுவோம். அப்பத்தான் காத்து மேல வந்து வெளிய போவும். கீழ பாத்துப் பிடிச்சா மருந்துதான் ஒழுகும். காத்து உள்ளேயே கெடக்கும்."

குனிந்து பார்த்தேன். காற்று வெளியேற வேண்டிய நட்டு காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா அது? இரண்டு பக்கமும் அடியில் இருந்தது. ஹோஸ் முறுக்கிக்கொண்டு நின்றதும் அதனால்தான். இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தேன்.

எப்படி மாறியது என்பது காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தபோது புரிந்தது. பெட்டியில் 'எல்' என்று போட்டிருந்தது. நான் தொழில் கற்றது நாகர்கோவில் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில். அங்கே லெஃப்ட், ரைட் என்று யாரும் சொல்வதில்லை. இடது பக்கம் கிளீனர் சைடு, ஸ்டியரிங் இருக்கும் வலது பக்கம் டிரைவர் சைடு. 'எல்' என்றதும் என் மூளை 'கிளீனர் சைடு' என்றிருக்கிறது. உடனே ஸ்டியரிங் இல்லாத பக்கத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இந்த நாட்டில் ஸ்டியரிங் இல்லாத பக்கம் வலது. பதினாறு வருஷமாக இங்கே வண்டி ஓட்டுகிறேன், என் கை மட்டும் இன்னும் அந்தப் பட்டறையிலேயே நிற்கிறது. கடைக்காரர் நேராகவே சொன்னார். கேட்டேனா? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஃபோர்மேனுக்காகச் சேர்த்துவைத்த கோபம் மொத்தமும் என் மேலேயே வந்து விழுந்தது. என் தலையில் நானே ஸ்பேனரால் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினேன். நீ போய்த் தூங்கு, சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அவள் கேட்காமல் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஏறி மிதித்தாள். மேலே இருந்த நட்டைத் திறந்ததும் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. ஏழெட்டு மிதியில் காற்று அடங்கி வெறும் ஆயில் வந்தது.

"மாதாவே! கல்லு மாதிரி நிக்குது" என்றாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனேன். "உன் கால் மேல தப்பில்லட்டி" என்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு லேசில் வராது.

"கால் மேல தப்பில்ல. அன்னைக்கு மலையில மூக்கு மேலயும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு ஷூவை எடுத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

அடுத்து இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு வந்தபோது, மகளை அவளுடைய தோழி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் அதே மலைக்குப் போனோம். மகளைக் கூட்டி வரலாமா என்று நான் கேட்கவில்லை. உச்சிவரைக்கும் ஏறித் திரும்பி இறங்கினோம். அவள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தபடியே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் சொன்ன இடத்தில் பிடித்தது. ஏறும்போதே பார்த்திருந்தோம், ஜல்லிக் குவியல் இன்னும் அங்கேயே இருந்தது. எங்கள் சக்கரத் தடமும் அழியவில்லை. இறங்கும்போது அதற்கு முந்தைய வளைவில், அன்றைக்கு நிறுத்தச் சொன்ன அதே இடத்தில், அவள் சொன்னாள்:

"நிறுத்துங்க."

ஏன் என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டு மிதித்தேன். வண்டி ஓரமாக அசையாமல் நின்றது. முன்னால் ரோடு காலியாக இருந்தது, பின்னாலும் ஒருவரும் இல்லை. நானும் முகர்ந்து பார்த்தேன், ஒரு நாற்றமும் இல்லை.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் சும்மா நிறுத்தச் சொல்வாயா என்று நான் ஆடித் தீர்த்திருப்பேன். அன்றைக்கு "சரி" என்றேன். அவள் எட்டி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு சன்னலை ஏற்றினாள்.

"போங்க. அடுத்த லீவுக்கு நம்ம பிள்ளையையும் கூட்டிட்டு வருவோம்."