றேடியோ பேசாத சனிக்கிழமை

அப்பாவின் கடைசி மூச்சின்போது சுவிஸின் வின்டர்தூர் வைத்தியசாலையில் அம்மா இருந்தார், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். டீட்டிகோனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் குமாரண்ணையும் இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, இருக்கவில்லை. அவர் இலங்கையில், வேலணையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். விசா கேட்டிருந்தோம், பழைய பதிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அது என்ன பதிவு என்று உறவுகள் எல்லோரும் கேட்டீர்கள். "படிச்சவன் நீ ஒருத்தன்தானே, முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலையாவது மறைக்காமல் எழுது" என்றார் அம்மா.

அப்பா வேலணையில் பிறந்தவர். நாலாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர். போர்க்காலத்தில் சுவிஸ் வந்து, இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடம் சட்டி கழுவினார். பிறகு டீட்டிகோனில் பொருட்கள் அனுப்பும் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கினார். வேலைக்கு ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதும் இல்லை.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது சித்தப்பா எங்களிடம் வந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகும்படி கடிதமும் வந்திருந்தது. போகாமல் எங்கள் வீட்டில் தங்கினார். யன்னல் திரை விலகக்கூடாது. நாங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கக்கூடாது.

அப்போதுதான் அப்பா பழைய சாமான் சந்தையில் அந்த ஸ்கேனர் றேடியோவை வாங்கினார். பொலிஸ் வாகனங்களுக்கு நிலையத்திலிருந்து சொல்வதெல்லாம் அதில் கேட்கும். அப்பாவுக்கு ஜேர்மன் வசனங்கள் விளங்காது. ஆனால் விலாசம் கேட்டுப் பெட்டி அடுக்கிப் பழகியவர். தெருப்பெயரும் இலக்கமும் அவர் காதுக்குத் தப்பாது. எங்கள் தெரு வந்தால் சித்தப்பா நிலக்கீழ் அறைக்கு இறங்கிவிடுவார்.

சித்தப்பா பகிடிக்காரர். "அண்ணை, உது எந்த நேரமும் செய்திதான் வாசிக்குது. ஒரு பாட்டுப் போடச் சொல்லுங்கோவன்" என்பார். அப்பா சிரிக்கமாட்டார். அவர் கோயிலுக்குப் போவதை விட்டார். அம்மா ஒருவரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. ஒளித்திருந்தவர் சித்தப்பா, பூட்டப்பட்டுக் கிடந்தது நாங்கள் ஐந்து பேரும்.

பதினான்கு மாதம் இப்படிப் போனபின், பாரிசில் வதிவிட உரிமையுள்ள ஒரு பெண்ணின் சம்பந்தம் வந்தது. அது சரிவந்தால் சித்தப்பாவுக்கு அங்கே பத்திரம் கிடைக்கும். பெண்வீட்டார் புதுப் படம் ஒன்று கேட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை றேடியோவில் வெறும் இரைச்சல். அப்பா எல்லா அலைவரிசையையும் திருப்பிப் பார்த்தார். ஒரு குரலும் இல்லை.

"தம்பி, ஒருத்தரும் றோட்டில இல்லைப் போல. றெயில் ஸ்டேசனில காசு போட்டால் படம் பிடிக்கிற பெட்டியில எடுத்துக்கொண்டு ஓடிவா."

"மெய்யாவோ அண்ணை?"

"நான் கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

பத்துப் பிராங்கைச் சில்லறையாகக் கையில் கொடுத்து, தன் நல்ல சேட் ஒன்றையும் அவருக்குப் போட்டுவிட்டார். படம் எடுத்து, அது வெளியே விழும்வரை சித்தப்பா காத்து நின்றபோது, இரண்டு பொலிஸ்காரர் வந்து அடையாள அட்டை கேட்டார்கள்.

வெளியார் கேட்கமுடியாத புது றேடியோ முறைக்குப் பொலிஸ் மாறியிருந்தது. இலவசப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, வெங்காயம் உரிக்க அம்மாவிடம் கொடுத்திருந்தேன். பிறகு தேடியெடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அவங்கள் கதைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறாங்கள்" என்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

சித்தப்பாவை விமானம் ஏற்றினார்கள். பாரிஸ் சம்பந்தமும் நின்றுபோனது. தம்பியை வீட்டில் வைத்திருந்ததற்காக அப்பாவுக்குத் தண்டம் விதித்தார்கள். ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் சித்தப்பா தொலைபேசியில், "அண்ணை, படம் வடிவா வந்ததோ?" என்று கேட்பார். அப்பா தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். வேலை விட்டால் வீடு என்று இருந்தார். றேடியோவை மட்டும் நிறுத்தவில்லை. வைத்தியசாலைக்கும் அதைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை அப்பா."

"அப்ப வெளியால போகாதை." என்னோடு பேசிய கடைசி வார்த்தை அது.

இரவு பகலாகத் துணை நின்ற குமாரண்ணை குடும்பத்துக்கும், அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் சேட்டோடு சிரிப்பவர் சித்தப்பா. பொலிஸ் திருப்பித் தந்த, சித்தப்பாவின் சாமான் பையில் இருந்த அந்தப் படத்தை, றேடியோவின் பற்றரி மூடிக்குள் அப்பா வைத்திருந்தார். அதன் பின்பக்கம் அவர் கையாலேயே ஒரு கணக்கு: தண்டம் ஆயிரத்து எண்ணூறு, வழக்குச் செலவு முந்நூறு, படத்துக்குப் பத்து. அடியில் கோடிட்டுக் கூட்டியிருந்தார்: இரண்டாயிரத்து நூற்றுப்பத்து பிராங்.